தாதியின் கையில் கொடுங்கள் கைப்பேசியை

கர்ப்பிணிகளுக்கான கைப்பேசித் திட்டங்களுக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு: தாதி போக முடியாத ஊருக்கும் குறுஞ்செய்தி போகும், செலவும் குறைவு. இதில் பாதிதான் சரி. தாதிக்குத் துணையாக வரும் கைப்பேசி பயன் தருகிறது. அவருக்குப் பதிலாக வந்தால், உதவி யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பெண்ணையே அது கைவிடுகிறது.

நம் மலேசியாவின் வரலாற்றையே பார்ப்போம். 1957இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார்களை இழந்தோம். 1990களில் அது ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசி நம் வீடுகளுக்குள் நுழையுமுன்பே நடந்தது இது. கம்பங்கள் எனப்படும் கிராமங்களில் கிளினிக் டேசா என்னும் கிராம மருந்தகங்களைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற தாதியர் வீடு தேடிப் போனார்கள். ஊர் மருத்துவச்சிகளைப் பகைக்காமல் அணைத்துக்கொண்டார்கள். 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் இரகசியம் காத்து விசாரித்தார்கள். பாலிக் பூலாவிலும் நிபோங் திபாலிலும் கர்ப்பிணியின் பையில் இருக்கும் இளஞ்சிவப்புப் பதிவுப் புத்தகத்தில் இரத்த அழுத்தம், எடை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் வரிசையாகப் பதிவாகின்றன. ஆபத்தின் அளவுக்கேற்ப நிறக் குறியும் இடுகிறார்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். இலங்கையும் இதே வழியில்தான் முன்னேறியது என்பதை 2003இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு இரு நாடுகளையும் சேர்த்தே எடுத்துக்காட்டியது.

"அதெல்லாம் பழைய கதை. ஓராங் அஸ்லி பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் சபாவின் உட்பகுதிகளுக்கும் தாதியரை எப்படி அனுப்புவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சாலை எட்டாத இடங்கள் பலவற்றில் அலைவரிசையும் எட்டுவதில்லை. சான்சிபாரில் சுமார் 2,550 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில், குறுஞ்செய்தியும் தாதியை அழைக்கக் கைப்பேசிக் கட்டணச் சீட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினர் பயிற்சி பெற்றவர் துணையோடு பிள்ளை பெற்றார்கள். மற்றவர்களில் 47 விழுக்காட்டினர். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பலன் நகரத்துப் பெண்களுக்கே கிடைத்தது, கிராமத்துப் பெண்களைச் சென்றடையவில்லை. கிராமத்துக்காகத் தீட்டும் திட்டத்தில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு என்ன வேண்டும்?

இன்னும் அழுத்தமான சான்று கர்நாடகம், பாகிஸ்தான், மொசாம்பிக் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 70,000 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு. 2020இல் லான்செட் இதழ் அதன் முடிவை வெளியிட்டது. கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஆபத்து எவ்வளவு என்று கையிலிருந்த செயலி கணித்துச் சொன்னது. மொத்தத்தில் பார்த்தால் மரணமும் நோய்ச்சிக்கலும் குறையவில்லை. ஆனால் அந்தப் பணியாளர்கள் எட்டு முறையோ அதற்கு மேலோ சந்தித்த பெண்களிடையே, ஒரு முறைகூடச் சந்திக்கப்படாதவர்களைவிடக் குழந்தை இறந்து பிறப்பது குறைவாக இருந்தது. செயலி எல்லாப் பணியாளர் கையிலும் ஒன்றுதான். மாறியது சந்திப்புகளின் எண்ணிக்கை. நல்ல நிலையில் இருந்த பெண்களையே அதிகம் சந்தித்திருக்கலாம் என்று ஐயுறவும் இடமுண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், செயலி மட்டும் போதும் என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

தமிழ்நாடும் இதையே காட்டுகிறது. அங்கே 2008 முதல் கர்ப்பிணிகளின் விவரம் பிக்மி (PICME) என்னும் இணையப் பதிவில் ஏறுகிறது. அந்தப் பதிவுக்குப் பின்னால் நிற்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். 2018-20 கணக்கில் இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 97, தமிழ்நாட்டில் 54.

எனவே கைப்பேசி வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது முதலில் தாதியிடம் இருக்கட்டும்: தேதி தவறிய பெண் யார், யாருடைய அழுத்தம் ஏறுகிறது என்று அவருக்குச் சொல்லட்டும்; சந்தேகம் வந்தால் நிபுணரிடம் உடனே கேட்க உதவட்டும். தாய்க்கு அனுப்பும் செய்தி அவர் மொழியில், குரலாகப் போகட்டும். தமிழிலும் போகட்டும். சுகாதார அமைச்சும் மாநில அரசும் புதிய செயலிக்குப் பணம் ஒதுக்கும்போது, தாதியின் பணியிடத்துக்கும் வண்டிக்கும் எண்ணெய்க்கும் அதே திட்டத்தில் பணம் வைக்க வேண்டும். அது இல்லாத திட்டத்துக்கு நம் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒப்புதல் தரக்கூடாது.