டயாலிசிஸ் இலவசம், பயணம் நோயாளியின் பாடு

புதுதில்லி: 2016 பிப்ரவரி 29-ம் தேதி மக்களவையில் பட்ஜெட் உரையாற்றிய அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். ஒருமுறை டயாலிசிஸ் செய்ய சுமார் ரூ. 2,000 செலவாகிறது, அதற்கும் மேலாக, அடிக்கடி நெடுந்தூரம் சென்றுவருவதால் பயணச் செலவும் கூலி இழப்பும் குடும்பங்களை வாட்டுகின்றன என்றார். அவ்வுரையில் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டத்தால் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இயந்திரங்கள் வந்தன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சிகிச்சையும் இலவசமானது. பயணம் மட்டும் பேச்சோடு நின்றுவிட்டது.

வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை செல்லவேண்டியவர் 108-ஐ அழைக்க முடியாது. அது விபத்துக்கும் மாரடைப்புக்கும் உரியது. 102 ஊர்திகளோ பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும். 2011 ஜூனில் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், பிரசவத்துக்கு வருவோரை அழைத்துவருவதையும் வீட்டில் கொண்டுவிடுவதையும் அவர்களது உரிமையாகவே அறிவித்தது. ஆக, அரசுக்கு இது தெரியாத வேலையன்று.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஊர்திகளுக்கு டெண்டர் விடுவது மாநிலங்கள். தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே செலவில் பங்கேற்பது மத்திய அரசு. எத்தனை நிமிடத்தில் ஊர்தி வந்தது என்பதே அவசர சேவை ஒப்பந்தங்களின் அளவுகோல். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த அவசரம் இல்லை. அவர் வரவேண்டிய நாளும் நேரமும் முன்கூட்டியே தெரியும். ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த நால்வரை ஒரே வேனில் ஏற்றிவரலாம். இத்தகைய சேவைக்குத் தனி டெண்டர் கோருவது 108-ஐ நடத்துவதைவிட எளிது, செலவும் குறைவு.