இலக்கணம் சரி, விஷயம் எங்கே?

ஐ.டி. துறையில் இருக்கும் ஒருவரிடம், "இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே, ஒரு கட்டுரையாக எழுதலாமே" என்று சொல்லிப்பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்பதுதான். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து கோவை, மதுரைக் கிளைகள்வரை இந்த நம்பிக்கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. எழுத ஆசைப்படுகிறவருக்குக் கிடைக்கும் ஆலோசனைகளும் இதையொட்டியே இருக்கின்றன: இலக்கணப் பயிற்சிக்குப் போ, தினம் பத்துப் புதுச் சொல் படி, பிழைதிருத்தும் மென்பொருளுக்குச் சந்தா கட்டு, ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைச் சத்தம்போட்டு வாசி. இவற்றால் ஆங்கிலம் வளரலாம். தொழில்நுட்ப எழுத்து வளராது. தொழில்நுட்பம் பற்றி நன்றாக எழுதுவது மொழித்திறனைப் பொறுத்தது என்ற நம்பிக்கை பிழையானது. அதைவிட மோசம், எழுதவேண்டியவர்களின் வாயை அது அடைத்துவிடுகிறது; ஒன்றும் சொல்லாத கட்டுரைகளுக்குக் கைதட்டல் வாங்கித் தருகிறது. தொழில்நுட்ப எழுத்து பொறியியல் வேலையின் ஒரு பகுதி. அதில் தேர்ச்சி பெறும் வழியும் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது.

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், மினிக்ஸ் இயங்குதளம் பற்றிப் பேசும் யூஸ்நெட் குழுவுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினார். பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, தாய்மொழி ஸ்வீடிஷ். நண்பர்களுக்குக் கிறுக்கும் குறிப்பைப் போல, பெரிய எழுத்து சின்ன எழுத்துகூடப் பார்க்காமல் எழுதிய சில வரிகள் அவை. ஆனால் அந்தச் சில வரிகளில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். 386 கணினிக்கான இலவச இயங்குதளம் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதிவருகிறேன், ஏப்ரலிலிருந்து நடக்கிறது, பாஷ் 1.08, ஜிசிசி 1.40 இரண்டும் இதில் ஓடுகின்றன. வேறு வகைக் கணினிகளுக்குக் கொண்டுபோக முடியாது. என்னிடம் இருக்கும் ஏடி வகை ஹார்ட் டிஸ்க் தவிர வேறெதையும் இது ஆதரிக்கப்போவதில்லை என்றே தோன்றுகிறது. மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது? இவ்வளவுதான். லினக்ஸ் வென்றதற்கு இந்த அறிவிப்புதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் படித்தவர் எவரும், இது நம் கணினிக்கு ஆகுமா, இப்போதே இறக்கிப் பார்க்கலாமா, பொறுத்திருக்கலாமா என்று அங்கேயே முடிவெடுத்திருக்க முடியும். பதிப்பு எண், எல்லை, கேள்வி ஆகிய மூன்றும் அந்த வேலையைச் செய்தன. ஆங்கில நடைக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஆங்கிலமே தாய்மொழியாக வழங்கும் இடத்தில், ஆங்கிலத்தில் எந்தக் குறையும் இல்லாமல், எழுத்து கைவிட்ட கதை தெராக்-25. கனடாவின் ஏ.இ.சி.எல். நிறுவனம் தயாரித்த இந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. மென்பொருள் கோளாறும், முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்புகளை நீக்கியதும் முதன்மைக் காரணங்கள். ஆனால் 1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலம் டைலர் நகர மருத்துவமனையில் நடந்ததில் எழுத்துக்கும் பங்கு உண்டு. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. இயக்குபவருக்கான கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் அது 'டோஸ் இன்புட் 2' பிழை என்று மட்டும் இருந்தது. செலுத்திய அளவு கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள் என்று நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் பின்னால் சாட்சியத்தில் விளக்கினார். உயிருக்கு ஆபத்தான அளவையும் போதாத அளவையும் ஒரே எண்ணில் அடக்கிய செய்தி! இப்படிப்பட்ட எண்கள் அடிக்கடி வந்து பழகியிருந்த இயக்குபவர், தொடர்வதற்கான விசையைத் தட்டினார். நோயாளியின் உடலில் இரண்டாவது முறையும் கதிர் பாய்ந்தது. எந்த இலக்கண ஆசிரியரும் அந்தத் தாளில் ஒரு திருத்தம்கூடப் போட்டிருக்கமாட்டார். படிப்பவர் அடுத்து என்ன செய்யவேண்டியிருக்கும் என்று எழுதியவர் எண்ணிப்பார்க்கவில்லை. குறை அங்கே இருந்தது.

அப்படி எண்ணிப்பார்த்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு கிட்லேப் நிறுவனம் 2017இல் வெளியிட்ட விபத்து அறிக்கையைச் சொல்லலாம். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், இரண்டாம் நிலைத் தரவுத்தளக் கணினி என்று நினைத்து முதன்மைக் கணினியிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி தரவு போனது. பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதை அறிக்கை ஒவ்வொரு அடுக்காக உரித்துக் காட்டுகிறது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6; பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பில் ஓடி, பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள், டிமார்க் கையொப்பம் இல்லாததால் அஞ்சல் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டன. யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த நகல். இதைப் படிக்கிற எந்த நிர்வாகியும், நடையை ரசித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. தன் நிறுவனத்துப் பேக்கப் உண்மையிலேயே திரும்ப ஏறுகிறதா என்று பார்க்கப் போவார். தொழில்நுட்ப எழுத்தின் வெற்றி படித்தவரின் அடுத்த செயலில் தெரிகிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம்மிடையே புழங்கும் வழிகாட்டிக் கட்டுரைகளைப் பார்க்கலாம். உபுண்டுவில் டாக்கர் நிறுவுவது எப்படி என்ற கட்டுரை நூற்றுக்கணக்கில் கிடைக்கும். "இன்றைய வேகமான டிஜிட்டல் உலகில்" என்று ஒரு பத்தி, கன்டெய்னரின் பெருமை பேசும் ஒரு பத்தி, பிறகு கட்டளைகள். சூடோ இல்லாமல் டாக்கரை இயக்க, பயனரை டாக்கர் குழுவில் சேர்க்கும் கட்டளையும் அதில் இருக்கும். வாசகர் அப்படியே செய்வார். அடுத்த வரியில் அனுமதி இல்லை என்று பிழை வரும். குழுவில் சேர்ந்தது, வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற ஒற்றை வரி கட்டுரையில் விடுபட்டிருக்கும். எழுதியவரின் கணினியில் அது எப்போதோ முடிந்துபோன வேலை. ஆகவே அவருக்குப் பிழை வரவில்லை. அந்தக் குழுவில் சேர்கிறவருக்கு ரூட் பயனருக்கு நிகரான அதிகாரம் கிடைத்துவிடுகிறது என்ற எச்சரிக்கையும் பல கட்டுரைகளில் இருக்காது. இந்த இரண்டு குறைகளையும் எந்த ஆங்கில வகுப்பும் போக்காது. புதிதாக நிறுவிய ஒரு கணினியில், தான் எழுதியதை மட்டும் பார்த்து, ஒவ்வொரு வரியாகச் செய்துபார்த்திருந்தால் முதல் குறை தானாகவே பிடிபட்டிருக்கும். இந்தக் கட்டளை இன்னும் என்னவெல்லாம் மாற்றுகிறது என்று கேட்டிருந்தால் இரண்டாவதும் பிடிபட்டிருக்கும். நிரலைச் சோதிக்காமல் வெளியிட்டால் அதைப் பொறுப்பின்மை என்கிறோம். கட்டுரையைச் சோதிக்காமல் வெளியிட்டுவிட்டு, ஆங்கிலம் போதவில்லை என்று சமாதானம் சொல்கிறோம்.

உலகம் ஆங்கிலத்தில்தானே படிக்கிறது, வேலை, பதவி உயர்வு எல்லாம் அதில்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலம் வேண்டாம் என்பது இங்கே வாதமில்லை. எவ்வளவு வேண்டும் என்பதில்தான் மிகைப்படுத்தல் நடக்கிறது. எழுவாய், பயனிலை பிறழாத சின்ன வாக்கியங்கள், ஒரு பொருளுக்குக் கட்டுரை முழுக்க ஒரே பெயர், பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் அப்படியே எடுத்தாள்வது: ஒரு நிறுவனத்தில் அன்றாடம் மின்னஞ்சல் எழுதிச் சமாளிக்கும் எவருக்கும் இந்த ஆங்கிலம் கைவசம் உண்டு. அதற்கு மேல் வரும் இலக்கணப் பிழைகளை, நடந்ததைப் பார்த்திராத ஒரு நண்பரோ ஆசிரியரோ கூட உட்கார்ந்து திருத்திவிட முடியும். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள், முதலில் முயன்று தோற்ற வழி எது, அளந்த வேகம் எவ்வளவு, எந்தச் சூழலில் இந்தத் தீர்வு உதவாது என்பதை எவராலும் வெளியிலிருந்து இட்டு நிரப்ப முடியாது. பிறர் திருத்தக்கூடியதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு, தான் மட்டுமே தரக்கூடியதைத் தராமல் இருப்பது என்ன கணக்கு?

இன்னொரு மறுப்பும் இப்போது சேர்ந்திருக்கிறது: மொழியைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், அதனால் இந்தப் பேச்சே பழையது என்பது. உண்மையில் இது நம் வாதத்துக்குக் கிடைத்த பெரிய சான்று. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது. சில நாட்களுக்குள்ளேயே, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதைக்கொண்டு எழுதிய பதில்களுக்குத் தடை விதித்தது. பார்க்க நன்றாக இருக்கின்றன, ஆனால் சரியாக இருப்பவை மிகக் குறைவு என்பது அப்போது அது சொன்ன காரணம். இத்தகைய கருவிகள் பிறகு வெகுவாக முன்னேறிவிட்டன. இருந்தாலும் அடிப்படை மாறவில்லை. குறையில்லாத ஆங்கிலம் இன்று எவருக்கும் நொடியில் கிடைக்கிறது. எல்லோருக்கும் கிடைக்கும் ஒன்றை வைத்து நல்ல கட்டுரையை இனம்காண முடியாது. உங்கள் சர்வரில், உங்கள் தரவில், போன வாரம் நடந்தது அந்தக் கருவிக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு. நடை மலிவாகிவிட்ட காலத்தில் நேரில் கண்டு, சோதித்து எழுதிய விவரத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

தமிழிலேயே எழுதலாம் என்றால், கலைச்சொல் இல்லை, படிக்க ஆளில்லை என்று சிரிப்பவர்களும் உண்டு. ரூபி நிரல்மொழி 1995இல் ஜப்பானில் வெளியானது. அதைப் பற்றிய எழுத்து பல ஆண்டுகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தது; ஆங்கிலத்தில் முழு நூல் 2000இல்தான் வந்தது. தாய்மொழியில் தொடங்கியதால் அது முடங்கிவிடவில்லை. ஆங்கிலம்தான் பின்னால் தேடி வந்தது. தமிழிலும் கணியம் மின்னிதழ் 2012 முதல் லினக்ஸ், பைத்தான், மைஎஸ்கியூஎல் என்று கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிட்டுவருகிறது. சர்வர், டேட்டாபேஸ் என்றே எழுதினாலும் குடிமுழுகிப் போகாது. விளக்கம் தெளிவாக இருந்தால் வாசகர் கலைச்சொல்லுக்காகச் சண்டைக்கு வரமாட்டார். இறுதி வடிவம் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்றாலும், நடந்ததை முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. நமக்கே புரியாத இடத்தைக் கடன்வாங்கிய ஆங்கிலத் தொடர்களைப் போட்டு மூடிவிடலாம். சொந்த மொழியில் அந்த ஓட்டை அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இந்த நம்பிக்கையால் நேரும் இழப்பு சிறியதல்ல. நள்ளிரவில் விழித்து, ஓடும் கணினிகளைக் காப்பாற்றும் சப்போர்ட் பொறியாளருக்குத் தெரிந்தது, மேடையேறிப் பேசும், ஆர்க்கிடெக்ட் பட்டம் தாங்கிய பலருக்குத் தெரியாது. அவர் எழுதுவதில்லை; ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கிக்கொள்கிறார். வேலையை விட்டுப் போகும்போது நோட்டீஸ் பீரியடில் நடக்கும் அவசர அறிவுப் பகிர்வுக் (கே.டி.) கூட்டங்களில் வாயால் சொன்னது போக, மிச்சமெல்லாம் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் அதே கோளாறில் அதே இரவுகளைச் செலவழிக்கிறார். எனவே ஒரு கட்டுரையை மதிப்பிடும் அணித் தலைவர்களும் ஆசிரியர்களும், நடை எப்படி என்று கேட்பதற்கு முன் வேறு மூன்று கேள்விகள் கேட்கவேண்டும்: புதிய கணினி ஒன்றில் இதைச் செய்துபார்த்தீர்களா? எந்தப் பதிப்பில், எந்தச் சூழலில் இது பலித்தது? எங்கே பலிக்காது? இவற்றுக்குப் பதில் வைத்திருப்பவர் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்திலோ நல்ல தமிழிலோ இன்றே எழுதத் தொடங்கலாம். பதில் இல்லாதவர், ஷேக்ஸ்பியரின் ஆங்கிலமே கைவரப்பெற்றாலும் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.