ஆளற்ற காடா கொங்கு?

பல்லடம் வட்டாரத்துக் கல்யாண வீடுகளிலும், நோம்பிக்குச் சொந்தபந்தங்கள் கூடும் கோயில் வாசல்களிலும், இந்தக் கொங்குப் பிரதேசம் ஆதியில் ஆளற்ற காடாகக் கிடந்ததென்றும், கரிகால் சோழன் காலத்தில் நம் முன்னோர் வந்து காடு வெட்டிக் குடியேறிய பின்னரே இங்கு மனித வாசம் ஏற்பட்டதென்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். முன்னோரின் உழைப்பைப் போற்றும் பக்தி எனக்கும் உண்டு; ஆனால் அந்தப் பக்தியின் பெயரால், அவர்களுக்கு முன்பே இங்கு வாழ்ந்த ஜனங்களைச் சரித்திரத்திலிருந்து நீக்குவது பெரிய அநீதி.

பல்லடத்திலிருந்து வண்டி கட்டினால் ஒரு பகலில் போய்ச் சேரக்கூடிய கொடுமணலில், நொய்யலின் வடகரையில், 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், கண்ணன் ஆதன் என்று அங்கே ஒரு பானை ஓட்டில் பெயர் கீறப்பட்டிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சுட்டமண் தக்களி வில்லை ஒன்றின் நடுத்துளையில் கதிரைச் செருகிச் சுழற்றி யாரோ நூல் நூற்றிருக்கிறார்கள். விசைத்தறிச் சத்தம் ஓயாத இந்தச் சீமையில் நூலின் கதை அவ்வளவு பழையது. 1842-ல் கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த புதையலில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. ஆளில்லாத காட்டுக்கு அக்காசுகளைக் கொண்டுவந்தவர் யார், வாங்கியவர் யார்?

குடியேற்றக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ‘சோழன் பூர்வ பட்டயம்’, தான் பேசும் காலத்துக்கு வெகுவாகப் பிற்பட்ட நடையில் அமைந்தது. காணியும் மரியாதையும் தமக்கே உரியவை என்று ஸ்தாபிக்க எழும் பட்டயங்கள், முன்னிருந்தவனின் பாத்தியதையை ஏன் எழுதப் போகின்றன? எட்டாம் நூற்றாண்டில் திருமுருகன்பூண்டியில் சுந்தரரை வழிமறித்துப் பறித்த வேடுவர், பறித்தவர்களாக மட்டுமே நம் நினைவில் நிற்கிறார்கள். தம் தரப்பைச் சொல்ல அவர்கள் ஏடு எதையும் விட்டுச் செல்லவில்லை.

காடு என்றாலே ஆளற்ற வனம், உழாத நிலமெல்லாம் வெறும் தரிசு என்ற எண்ணமும் இந்தப் பிழைக்கு உடந்தையாகிறது. “காட்டுக்குப் போய்ட்டு வர்றேன்” என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது, அந்தக் காடு வானம் பார்த்த விளைநிலமல்லவா? காங்கயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் போய்ப் பாருங்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், அதன் நிழலில் அசைபோடும் மாடுகள். ஆண்டுதோறும் உழாத அந்நிலத்தில் வேலியின் ஒவ்வொரு கிளுவைப் போத்தும் மனிதக் கை நட்டதுதான்.

கும்பாபிஷேகத்துக்குக் குல வரலாறு அச்சிடும் அன்பர்கள், அடுத்த பதிப்பில் கரிகாலனுக்கு முன்னால் கண்ணன் ஆதனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.