லயத்துக் கொல்லையில் வெங்காயம்

2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது நினைவிருக்கிறதா? 2024 மே மாதம்தான் தடையை எடுத்தார்கள். அதுவரை கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, ஒரு கிலோ வாங்கப் போன இடத்தில் அரைக் கிலோவோடு திரும்பினோம். 'நாமே போட்டால் என்ன?' என்ற பேச்சு அப்போதுதான் லயத்தில் எழுந்தது.

நாமும் போட்டோம். நாள்பட வைத்துச் சாப்பிடலாமே என்று ஹாலந்து வெங்காயம், அதுதான் மஞ்சள் தோல் வெங்காயம், விதைப் பொட்டலம் வாங்கித் தூவினோம். தாள் தளதளவென்று வந்தது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் கிழங்கையே காணோம்! வீட்டில் சிரித்தார்கள். கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சாதி வெங்காயம் பகல் 14 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் கிழங்கு கட்டும். ஐரோப்பாவின் கோடைக்கு அது சரி. நமக்கோ வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணிதான். எவ்வளவு உரம் போட்டாலும் சூரியன் ஓவர்டைம் செய்யாது.

ஆகவே, சின்ன வெங்காயம் போடுங்கள். நம்மூர் மார்டி ஆராய்ச்சி நிலையமே நம் மண்ணுக்கென்று 3 சின்ன வெங்காய ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது. கிடைக்காவிட்டால் கடையில் கெட்டியான காயாகப் பொறுக்குங்கள். பாத்தி ஓர் அடி உயரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் மழை அழுக்கிவிடும். புளித்த மண்ணுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு, மக்கிய கோழி எரு. அரை அடிக்கு ஒன்றாக, நுனி மண்மட்டத்தில் தெரிய ஊன்ற வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஊன்றினால் சுமார் 65 நாளில், மழை குறைந்த ஜூலை வாக்கில் எடுக்கலாம். தாள் பழுத்துச் சாய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பிடுங்கியதும் கழுவாதீர்கள். கொத்தாகக் கட்டிக் குசினிக் கூரைக்கடியில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, கழுத்து சருகாகக் காயும்வரை விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் நாறும்.

மருந்தடிக்கிற தங்கச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை: காலி மருந்து டின்னைக் கழுவிவிட்டோம் என்று பாத்திக்குத் தண்ணீர் மொள்ள எடுக்கவே எடுக்காதீர்கள்.

சரி, இதையெல்லாம் எங்கே ஊன்றுவது? அதுதானே கேள்வி! நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் கொல்லை இருந்தது. கத்தரி, முருங்கை, வெங்காயம் எல்லாம் அங்கே விளைந்ததுதான். மறுநடவு வந்தபோது நிர்வாகம் குசினி வாசல் வரைக்கும் செம்பனையை நட்டுவிட்டது. நிழலில் வெங்காயம் வருமா? கேட்டதற்கு, 'இது கம்பெனி நிலம்' என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம்கூடக் குடும்பஸ்தனான தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னதே! துரைமார் மனமிரங்கித் தந்த தானமா அது? குறைந்த கூலிக்குப் பக்கபலமாகத்தான் அதை வைத்தார்கள். இன்றைக்குக் கூலியும் போதவில்லை, கொல்லையும் இல்லை.

சம்பளப் பேச்சில் கொல்லையும் ஒரு கோரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே நமது கருத்து. சிலர் இதைச் சில்லறை விஷயம் என்பார்கள். அவர்கள் வீட்டில் வெங்காயம் வாங்குவது யாரென்று விசாரியுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்து முதல் செம்பனை மரம் எத்தனை அடி என்று அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.