வாயைத் திறப்பதற்கு முன்

எனது சகோதரியின் பேரனுக்கு எட்டு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. கடந்த வருடம் ஒரு வாரமாகத் தனது இடது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தான். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டான். பிள்ளைக்குக் குணம் கூடிவிட்டது என்றே வீட்டார் எண்ணினர். அது பல்வலி என்று பிடிபட ஏழு நாட்கள் சென்றன. வலிக்கிறது என்று சொல்வதற்கு அவனிடம் சொல் இல்லை.

அடுத்து நடந்ததுதான் என்னை இதனை எழுத வைக்கின்றது. கடற்கரைக்குப் போகின்றோம் என்று கூறி அவனைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். இரைச்சல் மிகுந்த மண்டபத்தில், வாங்கில், இரண்டு மணித்தியாலக் காத்திருப்பு. பின்னர் இருவர் கைகால்களைப் பிடிக்க, மூன்றாமவர் வாயைத் திறந்தார். அன்றிலிருந்து பற்தூரிகையைக் கண்டாலே அலறினான்.

வைத்தியரை மாத்திரம் நான் குறைகூற மாட்டேன். "சாப்பிடாவிட்டால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவிப்பேன்" என்று பிள்ளைகளை வெருட்டி வளர்த்த சமூகம் நாம். ஆயினும் சாதாரணப் பிள்ளை வெருட்டலையும் பொய்யையும் நாளடைவில் மறந்துவிடக்கூடும். சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது அவ்வளவு இலகுவன்று.

மேலும், பல் வைத்தியரின் அறை நமக்கு வேறு, அவனுக்கு வேறு. துளைகருவியின் கீச்சொலி, கண்ணில் விழும் விளக்கு, கையுறையின் மணம், திடீரெனப் பின்னால் சாயும் கதிரை ஆகியவற்றை நாம் பொறுத்துக்கொள்கின்றோம். ஓட்டிசம் உள்ள பலருக்கு இவை தாங்கொணாத் தாக்குதல்கள். ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றுக்குக் காட்டும் மிகையான அல்லது குறைவான எதிர்வினை, 2013 இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஓட்டிசத்தை இனங்காணும் அம்சங்களுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. இதனை அடம் என்று இன்னமும் சொல்வோருக்கு என்ன பதில் கூறுவது?

செய்யவேண்டியவை செலவு மிக்கவையுமல்ல. அவனது தாய் பிறகு செய்ததையே சொல்கின்றேன். வைத்திய நிலையத்தின் வாசல், கதிரை, முகக்கவசம் அணிந்த வைத்தியர் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அச்சிட்டு, ஒழுங்காக ஒட்டி, ஒரு சிறு கதைப்புத்தகம் ஆக்கினாள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே உருவாக்கிய "சமூகக் கதை" முறை இதுதான். தினமும் இரவில் அதை வாசித்தார்கள். தாத்தாவின் சாய்மனைக் கதிரையில் அவனைக் கிடத்தி, டோர்ச் லைட் அடித்து, பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கப் பழக்கினார்கள். பத்து என்றால் பத்து, பதினொன்று எண்ணக்கூடாது. நம்பிக்கை திரும்பியது அந்தப் பத்தினால்தான் என்பது என் அபிப்பிராயம்.

வேறொரு வைத்தியர் கிடைத்தார். காலையில் முதல் ஆளாக வரச்சொன்னார். முதல்நாள் கதிரையில் இருந்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். அடுத்தமுறை சிறு கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார். சொல்லி, காட்டி, அதன் பின்னரே செய்யும் இம்முறை சிறுவர் பல் வைத்தியத்தில் மிகப் பழையது. புதிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை. நான்காம் முறையில் பல் அடைக்கப்பட்டது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது கைகூடும் என்று வாதிடவில்லை. முழு மயக்கத்தில் சிகிச்சை செய்யவேண்டியவர்களும் உளர். கன்னம் வீங்கி, காய்ச்சலுடன் வரும் பிள்ளைக்கு நான்கு வருகைகள் என்று காத்திருக்கவும் இயலாது. அதனாலேயே வலி வரும் முன்னர், பல் நன்றாக இருக்கும்போதே, முதல் வருகை நிகழவேண்டும் என்கின்றேன். நம்மவரோ வலி வந்தபின்தான் பல் வைத்தியரைத் தேடுகின்றோம்.

வைத்தியசாலைகளிடம் கேட்பதும் சிறிய விடயமே. இத்தகைய பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒருநாள் காலையின் முதல் அரைமணி நேரத்தை ஒதுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் அதே அறை, இயன்றால் அதே முகம். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை.

பேரன் இப்போது பல் துலக்குகின்றான். கடற்கரைக்கு என்றால் மாத்திரம் இன்னமும் வாகனத்தில் ஏற மறுக்கின்றான்.