கதை சொன்ன ஆயாவின் பெயர்

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் சிறுவர் பகுதியைப் புரட்டினால், இந்திய நாட்டுப்புறக் கதைகள் என்ற தலைப்பில் பளபளப்பான அட்டையுடன் ஆங்கிலப் புத்தகங்கள் கிடைக்கும். அட்டையில் புலி, யானை, தலைப்பாகை கட்டிய ராஜா. காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களிலிருந்து எடுத்து அச்சிடப்பட்டவை இவற்றில் பல. சிலவற்றில் தொகுத்தவர் பெயரைக்கூடக் காணோம். கதையை முதலில் சொன்னவர் பெயரை எதிர்பார்ப்பது அதிகப்படி. தமிழ், கன்னட வீட்டுக் குழந்தைகள் தங்கள் பாட்டிமார் சொல்லாமல் விட்ட கதைகளை இப்படித்தான் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள்.

இந்தக் கதைகள் ஆங்கிலத்துக்குப் போன வழியில் இரு பக்கமும் பெண்கள் இருந்தார்கள். எழுதியவர்களில் பலர் துரைசானிகள். சொன்னவர்களில் பலர் அவர்கள் வீட்டு ஆயாக்கள். முன்னவர்களை இலக்கிய வரலாறு ஓரளவு அறியும். பின்னவர்களின் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.

ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கென்று புத்தகம் எழுதும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றபோது, அதில் பெண்களின் பங்கு தொடக்கத்திலேயே பெரிது. பல்கலைக்கழகக் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. குழந்தைக்கு எழுத்தறிவிப்பது அவர்கள் பொறுப்பாக இருந்தது. எனவே அந்தத் துறையில் அவர்கள் பேனா பிடித்ததை யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. சாரா ஃபீல்டிங் 1749இல் எழுதிய 'தி கவர்னஸ்', குழந்தைகளுக்கான முதல் முழுநீள ஆங்கில நாவலாகக் கருதப்படுகிறது. அன்னா பார்போல்ட் தன் வளர்ப்பு மகன் சார்லஸுக்காக எழுதிய பாடப் புத்தகங்கள் 1778 முதல் வெளிவந்தன. சின்னக் கைகளுக்கேற்ற அளவு, பெரிய எழுத்து, தாராளமான ஓரம் என்று அவர் செய்த ஏற்பாட்டை இன்றைய பதிப்பாளரும் பின்பற்றுகிறார். சாரா டிரிம்மர் 1802இல் தொடங்கிய பத்திரிகை குழந்தைப் புத்தகங்களை முறையாக விமர்சிப்பதற்கு வழிகாட்டியது. ஆனால் டிரிம்மருக்கு மாயாஜாலக் கதைகள் பிடிக்காது. சிண்ட்ரெல்லா கதை பிஞ்சு மனத்தில் பொறாமையையும் உடை மோகத்தையும் வளர்க்கும் என்ற எச்சரிக்கை அவர் பத்திரிகையில் வந்தது.

இதே சிந்தனையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் மேரி மார்த்தா ஷெர்வுட். ராணுவ அதிகாரியின் மனைவியாக 1805இல் வந்து 1816 வரை இங்கே இருந்தார். படை முகாம்களில் ஆங்கிலச் சிப்பாய்களின் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். இந்தியாவில் அவர் எழுதிய 'லிட்டில் ஹென்றி அண்ட் ஹிஸ் பேரர்' 1814இல் இங்கிலாந்தில் வெளியாகி, அந்த நூற்றாண்டு முழுவதும் பதிப்பு மேல் பதிப்பு கண்டது. பெற்றோரை இழந்த ஆங்கிலச் சிறுவன் ஹென்றியைத் தாயைப்போல் வளர்ப்பவன் பூஸி என்ற இந்திய வேலைக்காரன். ஹென்றி கிறிஸ்துவ நெறியைக் கற்றதும் பூஸிக்கு உபதேசம் செய்கிறான். சிறு வயதிலேயே இறந்துபோகிறான். கதையின் முடிவில் பூஸி ஞானஸ்நானம் பெற்று ஜான் ஆகிறான். ஊர் திரும்பிய ஷெர்வுட் 1820இல் ஃபீல்டிங்கின் நாவலைத் திருத்தி வெளியிட்டபோது, அதிலிருந்த மாயக் கதைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு நீதிக் கதைகளை வைத்தார்.

பூஸி அந்தச் சிறுவனுக்கு எத்தனை கதை சொல்லித் தூங்கவைத்திருப்பான்? ஷெர்வுட்டின் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே வேலைக்காரன் கேட்க வேண்டியவன்.

அரை நூற்றாண்டுக்குப் பின் நிலைமை தலைகீழானது. பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃப்ரேர் 1865-66 குளிர்காலத்தில் தக்காணத்தில் சுற்றுப்பயணம் செய்தபோது அவர் மகள் மேரியும் உடன் சென்றார். முகாமில் பேச்சுத் துணைக்கு இருந்தவர் அவருடைய ஆயா அன்னா லிபரெட்டா டி சூசா. கதை ஏதாவது சொல்லேன் என்று மேரி கேட்க, அன்னா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். மேரி குறிப்பெடுத்தார், எழுதினார், அன்னாவிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்தார். 1868இல் லண்டனில் ஜான் மர்ரே நிறுவனம் வெளியிட்ட 'ஓல்ட் டெக்கன் டேஸ்' இப்படிப் பிறந்தது. இந்தியர் வாயால் சொல்லக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளில் இதுவே முன்னோடி.

தலைப்புப் பக்கத்தில் மேரியின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கதைகளுக்கு முன்னால், கதை சொன்னவரின் சொந்தக் கதைக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அன்னாவின் தாத்தா குடும்பம் லிங்காயத்துகள். கோழிக்கோட்டிலிருந்து கோவா பக்கம் குடிபெயர்ந்தார்கள். அங்கே தாத்தா கிறிஸ்துவரானார், பிறகு ஆங்கிலேயர் படையில் ஹவில்தார். கதைகளெல்லாம் பாட்டி சொன்னவை. கணவனை இழந்தது, மகன் ஆற்றில் மூழ்கி இறந்தது, கூலி வேலையில் கழிந்த வாழ்வு எல்லாவற்றையும் அன்னா சொல்கிறார். முன்பெல்லாம் வயதானவர்களுக்குக் கதை சொல்ல ஆசையிருந்தது, இப்போது பணம் சேர்ப்பதில்தான் ஆசை என்று அப்போதே அலுத்துக்கொள்கிறார். ஓர் இந்திய வேலைக்காரப் பெண் தன் வாழ்வைத் தானே சொல்லி அச்சேறிய பக்கங்கள் அந்தக் காலத்தில் மிக அரிது.

அடுத்து வந்தவர் ஒரு சிறுமி. மேவ் ஸ்டோக்ஸ் என்ற அந்தப் பெண் தன் வீட்டில் கேட்ட கதைகள் 1879இல் கல்கத்தாவில் நூலாக அச்சாயின. குறிப்புகள் எழுதியவர் அவளுடைய தாய். துங்க்னி, முனியா என்ற ஆயாக்கள், கரீம் என்ற கித்மத்கார் ஆகியோரில் யார் எந்தக் கதையைச் சொன்னார் என்பது அதில் பதிவாகியிருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். தென்னிந்தியக் கதைகள் 26 அடங்கிய 'டேல்ஸ் ஆஃப் தி சன்' 1890இல் வந்தது. தொகுத்தவர்கள் திருமதி ஹோவர்ட் கிங்ஸ்கோட், பண்டித நடேச சாஸ்திரி. பின்னாளில் 'தீனதயாளு' நாவலை எழுதிய அதே நடேச சாஸ்திரி. தன் பணியாட்கள் கடைத்தெருக் கிழவிகளிடம் கேட்டுவந்த கதைகளோடுதான் தொடங்கியதாக முன்னுரையில் கிங்ஸ்கோட் சொல்கிறார். அவை கண்டதையும் போட்டுச் சமைத்த குழம்புபோல் இருந்தனவாம். பண்டிதர் திருத்தித் தந்து, தம் கதைகளையும் சேர்த்த பிறகே நூல் உருப்பெற்றது. பண்டிதருக்கு நன்றி இருக்கிறது. கிழவிகளின் பெயர்கள் இல்லை. எந்த ஊர்க் கடைத்தெரு என்றுகூட முன்னுரை சொல்லவில்லை.

பெயர் போனால் என்ன, கதை இருக்கிறதே என்று கேட்கலாம். கதைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் தொகுப்பிலுள்ள சோதிடர் மகன் கதையின் நாயகன் கங்காதரன். ஆங்கில எழுத்துக்கூட்டலில் அவன் 'கங்கஸரா' ஆனான். ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இல் வெளியிட்ட புகழ்பெற்ற 'இண்டியன் ஃபேரி டேல்ஸ்' தொகுப்பிலும் அந்தக் கதை சேர்ந்தது. இன்று பெங்களூரில் அதைப் படிக்கும் தமிழ்க் குழந்தைக்குக் கங்கஸரா ஏதோ வெளிநாட்டு மந்திரவாதி. மொழிபெயர்ப்பவர்களுக்கு இது பழகிய சங்கடம். சொன்னவரின் ஊரும் மொழியும் குறிப்பில் இருந்தால் வழி தெரியும். இல்லாவிட்டால் கங்காதரனைக் கண்டுபிடிக்க ஊகம்தான் துணை.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். 1809இல் கன்டோன்மென்ட் அமைந்தபோது சென்னைப் படையோடு சிப்பாய்களும் வியாபாரிகளும் சமையல்காரர்களும் ஆயாக்களுமாகத் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றிருக்கும் பல குடும்பங்களின் வேர் அங்கே இருக்கிறது. துரைமார் பங்களாக்களில் வெள்ளைக் குழந்தைகளைத் தூங்கவைத்த அந்தப் பெண்கள் எந்தக் கதையைச் சொன்னார்கள்? யாரோ ஒரு மேரி கேட்டு எழுதியிருந்தால்தான் தெரியும்.

நாட்டுப்புறக் கதைக்குச் சொந்தக்காரர் இல்லை, அது ஊர்ச் சொத்து என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஊர்ப் பொதுவான ராகத்தையும் ஒரு குரல்தான் பாட வேண்டும். எதை விடுவது, எங்கே நிறுத்துவது, யாரைச் சிரிக்கவைப்பது என்று தீர்மானிப்பது சொல்பவர்தான். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு கன்னடக் கதை வருகிறது. ஒருத்திக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். யாருக்கும் அவள் சொல்லவில்லை. அடைபட்டுத் தவித்த இரண்டும் அவள் தூங்கும்போது வெளியேறி, கதை வாசலில் செருப்பாகவும் பாட்டு ஆணியில் தொங்கும் கோட்டாகவும் மாறின. வந்தது யார் என்று கணவன் சண்டை பிடித்து, கோபத்தில் கோவிலில் போய்ப் படுத்தான். ஊர் விளக்குகளின் சுடர்கள் இரவில் அங்கே கூடிப் பேசியபோது அவனுக்கு உண்மை தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், எந்தக் கதை, எந்தப் பாட்டு என்கிறாள் அவள்.

சொல்லாத கதை மறந்துபோகும். சொன்ன கதையும், சொன்னவர் பெயர் இல்லாவிட்டால், வேறொருவர் கதையாகிவிடும்.

இன்று நம்மிடையே நல்ல சிறுவர் பதிப்பகங்கள் இருக்கின்றன. சென்னையில் 1994இல் தாரா, 1996இல் தூலிகா, பெங்களூரில் 2004இல் பிரதம் புக்ஸ் தொடங்கின. மூன்றின் தொடக்கத்திலும் பெண்களின் கை இருந்தது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இணைய நூலகமான ஸ்டோரிவீவரில் எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் ஒவ்வொரு புத்தகத்திலும் இடம்பெறுகின்றன. இது எல்லா இடத்திலும் வழக்கமாகவில்லை. நான் மொழிபெயர்த்த ஒரு சிறுவர் நூல் என் பெயரில்லாமலே வந்தது. கேட்டதற்கு, குழந்தைகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று பதில் கிடைத்தது. எனக்காவது கேட்க ஒரு தொலைபேசி இருந்தது. கடைத்தெருக் கிழவிக்கு அதுவும் இல்லை.

நாட்டுப்புறக் கதை என்று அச்சிடும் ஒவ்வொரு பதிப்பாளரும் ஒரு வரி கூடுதலாக அச்சிட்டால் போதும்: சொன்னவர் பெயர், ஊர், மொழி. பெயர் தெரியாத பழைய கதையென்றால் எந்த நூலிலிருந்து எடுத்தது என்றாவது போடலாம். பள்ளிகள் கோடை விடுமுறைக்குக் கொடுக்கும் புராஜெக்ட்களில், வீட்டுப் பெரியவரிடம் ஒரு கதை கேட்டு அவர் பெயரோடு எழுதிவரச் சொல்லலாம். கவர்னர் மகள் கூடார முகாமில் செய்த வேலை இது. அதற்கு ஒரு நோட்டும் பென்சிலும், அருகில் உட்கார்ந்து கேட்கும் பொறுமையும்தான் தேவைப்பட்டன.