கருவியின் கணக்கும் மனிதனின் மானமும்

கோடியக்கரை சோழமண்டலக் கரையின் கோடி. வங்கக் கடலோரமாகத் தெற்கு நோக்கி வரும் நிலம் அங்கே மேற்கே திரும்பிவிடுகிறது. பட்டணத்தார் கண்ணுக்கு எட்டாத அந்த மூலைக்கும் கணினி வந்து சேர்ந்துவிட்டது. நியாயவிலைக் கடையில் விரல்ரேகை கேட்கும் கருவி, கூட்டுறவுச் சங்கத்திலே கணக்குக் காக்கும் கணினி, கிராம அஞ்சலகத்திலே கையடக்கக் கருவி என்று அரிசிக்கும் கடனுக்கும் சேமிப்புக்கும் கருவியே வாசலாகிவிட்டது. தோப்புத்துறையிலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் நாகூரிலும் இதே நிலைதான்.

இதனை நாம் குறை கூற வரவில்லை. எடை போடுபவனின் கைத்திறனால் ஏமாந்த ஏழைகள் நம்மிடையே ஏராளம். அந்தக் கையைக் கட்டுப்படுத்த ஒரு கருவி வருமானால் வரவேற்க வேண்டியதே. நாம் எதிர்ப்பது வேறொன்றை. "கணினி பொய் சொல்லாது" என்று அலுவலகந்தோறும் ஓதப்படுகிறதே, அந்தப் புதிய மந்திரத்தை எதிர்க்கிறோம். திரையில் ஒரு தொகை குறைந்தால், அதன் முன் அமர்ந்திருப்பவன் திருடன் என்று தீர்த்துக் கட்டும் மனப்பான்மையை எதிர்க்கிறோம்.

இம்மனப்பான்மை ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அறிய வேண்டுமானால் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே கிராம அஞ்சலகங்களைப் பெரும்பாலும் நடத்துவோர் ஒப்பந்தம் பெற்ற சிறு கடைக்காரர்கள். நம் துணைக்கண்டத்திலிருந்து குடியேறியவர்களும் அவர்களில் பலர். 1999ஆம் ஆண்டு தொடங்கி, அந்த அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்னும் கணினி முறை புகுத்தப்பட்டது. பின்னர் அதன் பொறுப்பு ஃபுஜிட்சு நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதிலே பிழைகள் இருந்தன. பெட்டியில் பணம் சரியாக இருக்க, திரையில் குறைந்தது. தெற்கு வார்ன்பரோ என்னும் சிற்றூரில் அஞ்சலகம் நடத்திய ஜோ ஹாமில்ட்டன் என்னும் அம்மையார், 2,000 பவுண்டு குறைகிறதே என்று உதவித் தொலைபேசியில் கேட்டார். அவர்கள் சொன்னபடி பொத்தான்களை அழுத்தினார். கண்ணெதிரே குறைவு 4,000 பவுண்டு ஆயிற்று!

குறைந்த தொகையைக் கைப்பணத்தால் நிரப்பு என்றது அஞ்சல் நிறுவனம். வீட்டை அடகு வைத்தவர்களும் உண்டு, உற்றாரிடம் கடன் வாங்கியவர்களும் உண்டு. கணக்குச் சரி என்று கையெழுத்திட்டால்தான் மறுபடியும் கடை திறக்க முடியும். கையெழுத்திட்டாலோ அதுவே பொய்க்கணக்கு எழுதிய குற்றம்! புகார் சொன்ன ஒவ்வொருவரிடமும், "உம் ஒருவருக்குத்தான் இப்படி நேர்கிறது" என்றார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே பொய்யைச் சொல்லி, ஒவ்வொருவரையும் தனிமைப்படுத்தினார்கள்.

அநீதியின் வேர் கணினியில் இல்லை, அதனை ஆண்ட நிறுவனத்தில் இருந்தது. பணத்தை இழந்ததாகச் சொன்னதும், விசாரித்ததும், வழக்குத் தொடுத்ததும் அதே அஞ்சல் நிறுவனம். வாதியே காவலராகவும் அரசு வழக்கறிஞராகவும் உருவெடுத்த பிறகு நியாயம் எந்த வழியாக உள்ளே வரும்? கணினி ஆவணத்தை ஏற்குமுன் கணினி சரியாக இயங்கியதெனக் காட்டவேண்டும் என்ற பழைய சட்டப் பிரிவையும் அந்நாடு 1999இல் இயற்றிய சட்டத்தால் நீக்கிவிட்டது. அதன்பின் கணினி சரி என்பதே அனுமானம். பிழை இருக்கிறதென்று காட்டும் சுமை, அதன் உட்புறத்தைக் கண்டிராத கடைக்காரரின் தலையில் விழுந்தது.

சீமா மிஸ்ரா என்னும் இந்திய வம்சாவளிப் பெண்மணிக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறை விதித்தார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். குற்றம் சாட்டப்பட்டோரை இன வாரியாக, இழிவான சொற்களால் வகைப்படுத்திய அந்நிறுவனத்தின் ஆவணமொன்று 2023இல் வெளிவந்தது. 'இந்திய, பாகிஸ்தானிய வகையினர்' என்பதும் அதில் ஒரு பிரிவு. கணினிக்கு இனம் தெரியாது. அதனைக் கையாண்டவர்களுக்குத் தெரிந்திருந்தது!

உண்மை அவர்களுக்கு எட்டவில்லையா? எட்டியது. வழக்குகளில் நிபுணச் சாட்சியாக நின்ற பொறியாளர், தமக்குத் தெரிந்த பிழைகளை மறைத்தார் என்றும், அவர் சாட்சியம் நம்பத்தக்கதன்று என்றும் நிறுவனத்தின் வழக்கறிஞரே 2013இல் எழுத்து மூலம் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை தண்டனை பெற்றவர்களுக்குக் காட்டப்படவில்லை. ஆலன் பேட்ஸ் என்னும் முன்னாள் அஞ்சலகக்காரரின் தலைமையில் 555 பேர் வழக்காடி, 2019 டிசம்பரில்தான் கணினியின் குறை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. 2021 ஏப்ரலில் சீமா மிஸ்ராவும் ஹாமில்ட்டனும் உட்பட 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. எஞ்சிய தண்டனைகளைத் துடைக்க 2024 மே மாதம் பாராளுமன்றமே சட்டம் இயற்ற நேர்ந்தது. தண்டிக்கப்பட்டோர் 900க்கும் மேற்பட்டோர். 13 பேராவது இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறுகிறது. ரத்துச் செய்யப்பட்ட தீர்ப்பு, மண்ணறையிலிருந்து யாரை எழுப்பித் தரும்?

"அது சீமைக் கதை, நமக்கென்ன?" என்பாருளர். நம் நாட்டைப் பாருங்கள். 2007இல் பெங்களூரின் கணினிப் பொறியாளர் ஒருவர், இணையத்தில் சிவாஜியை இழிவுபடுத்தினார் என்று மராட்டியக் காவல்துறையால் பிடிக்கப்பட்டு 50 நாட்கள் சிறையிலிருந்தார். தொலைபேசி நிறுவனம் தந்த இணைய முகவரி விவரம் தவறு என்பது பிறகே தெரிந்தது. தெலங்கானாவில் சுமார் 19 லட்சம் குடும்ப அட்டைகள் நேரில் விசாரியாமலேயே கணினிக் கணிப்பைக் கொண்டு ரத்தாயின என்ற வழக்கில், அவற்றை நேரில் சரிபார்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒரு முஸ்லிமின் குடும்பம், கார் வைத்திருப்பதாகச் சொல்லி அட்டையை இழந்தது. பெயர் ஒத்த வேறொருவரின் கார் அது! முஹம்மது என்றும் முகமது என்றும், முஹைதீன் என்றும் மைதீன் என்றும், ஒரு வாப்பாவின் பிள்ளைகளுக்கே அலுவலகத்துக்கொரு எழுத்தில் பெயர் பதிந்துகிடக்கும் நம் வீடுகளுக்கு இது எவ்வளவு அருகில் வந்த நெருப்பு!

நம் சட்டம் காப்பாற்றாதா எனலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, கணினி ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. நல்லதே. ஆனால் அச்சான்றிதழில் ஒரு நிபுணருடன் கையெழுத்திடுபவர், கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரே. அதிலே குறிக்கப்படும் முத்திரை எண், கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும். முதலில் போட்ட கணக்கே தப்பு என்றால் அதைக் காட்டாது. தப்பான கணக்கைப் பத்திரமாகப் பூட்டி வைத்தால் அது சரியான கணக்கு ஆகிவிடுமா? மேலும், துறை விசாரணைகளுக்குச் சாட்சியச் சட்டம் கண்டிப்பாகப் பொருந்துவதில்லை. கடை விற்பனையாளரும் கிராம அஞ்சல் ஊழியரும் முதலில் வேலை இழப்பது அங்கேதான்.

வாதிப்பவனே ஆதாரம் காட்டவேண்டும் என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதி. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதும் முறையை விரிவாகக் கற்பிக்கிறது. கடன்பட்டவனே வாசகம் சொல்ல வேண்டும், எழுத்தர் நேர்மையாய் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும். கடன்பட்டவன் ஒப்புக்கொண்டதையே ஏடு பேசவேண்டும் என்பதன்றோ அதன் நீதி? ஹொரைசன் முறையிலோ ஏடே வாசகம் சொல்லிற்று, மனிதன் வாய் மூடிக் கையெழுத்திட்டான்.

ஆகவே மூன்றைக் கேட்கிறோம். கருவியின் கணக்கு மட்டும் ஆதாரமாக இருக்கையில், கைப்பணமும் கைச்சரக்கும் எண்ணப்படாமல் எவர்மீதும் வழக்குத் தொடுக்கலாகாது. கருவியின் பிழைப் பதிவேடு குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரப்பட வேண்டும். பணம் இழந்ததாகச் சொல்லும் துறையே விசாரணையையும் நடத்தலாகாது.

நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல். கணினி இருந்தாலும் கைக்கணக்கை விட்டுவிடாதீர்கள். ஒப்பாத தொகைக்கு, ஆட்சேபம் எழுதாமல் கையெழுத்திடாதீர்கள். நம் பிள்ளையொருவர்மீது பழி வந்தால் ஜமாஅத்தார் திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டா. பிரிட்டனில் பல ஊர்கள் தம் அஞ்சலகக்காரரைத் திருடன் என்று தூற்றின. ஹாமில்ட்டனின் ஊரார் மட்டும் அவருக்காகப் பணம் திரட்டினர், தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தை நிறைத்தனர். அவர் சிறை செல்லவில்லை. உண்மை தெரிய வந்தபோது முதல்வகை ஊரார் தலைகுனிந்தனர். நாம் எந்த ஊராராக இருக்கப்போகிறோம்? பழி வருமுன்னரே முடிவு செய்துகொள்வோம். பணம் மட்டுமன்று, ஒரு மனிதனின் மானமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.